பரலுக்குப் பக்கத்தில நிண்டவர்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்றியல்
6 ஒக்டோபர் 2024

அன்பான லக்ஷன் அண்ணா,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் உள்ளுக்க சுகமா இருக்கோணும் எண்டு அம்மா சென்-றெஜி ரோட்டு முருகன் கோயிலில விளக்கு வைச்சவ. கடிதம் எண்டா முதல் வரி இப்பிடித்தானாம், பக்கத்தில நிண்டு சொல்லித் தாறா. இனி அவவைக் குசினிக்குச் சமைக்க அனுப்பிப்போட்டு நான் கதைக்கிறன்.

எங்கட அம்மாமார் அக்கா தங்கச்சியா இருந்தாலும் நீங்களும் நானும் வீடியோ கோலிலதானே வளந்த ஆக்கள். இப்ப உங்களிட்ட ஃபோன் இல்ல. அதால வாழ்க்கையில முதல் தரம் பேனையால தமிழ் எழுதுறன். யூடியூப் கொமென்ற்ஸ் வாசிச்சுப் பழகின தமிழ், பிழை பிடிக்காதேங்கோ.

நேர விஷயத்துக்கு வாறன். உங்கட மனிசி, கஜந்தி மச்சாள், எல்லாம் சொன்னவ. வீட்டுக்குப் பின்னால வளவுக்குள்ள கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், பரலில கொதிச்சுக்கொண்டு இருந்ததாம், மதுவரிக்காரர் வரேக்க நீங்கள் பக்கத்தில நிண்டதாம். போன தரம் தண்டப் பணம், இது ரெண்டாந்தரம் எண்டு ஒரு வருசம் போட்டாங்களாம், பிணையும் இல்லையாம். ஆனா அப்பீல் போட்டிருக்கு! அண்ணா, அப்பீல் எண்டா உங்கட தங்கச்சியைக் கேளுங்கோ!

என்ர யூடியூப் சானல் என்னத்தைப் பற்றி எண்டு தெரியும்தானே? நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில சாராயத்துக்குத் தடை. இங்க மொன்றியலில தடை இல்ல, விஸ்கி லொறி லொறியா எல்லை தாண்டிப் போனது. அங்க மலைக்காட்டுக்குள்ள திருட்டு விஸ்கி காய்ச்சினவை, பிடிபட்டவை, பிறகு அப்பீல் போனவை. அந்தத் தீர்ப்பெல்லாம் ஒன்லைனில சும்மா கிடக்கு. நான் சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்தெறிக்கு வேலைக்குப் போற பஸ்ஸில படத்துக்குப் பதிலா அதைத்தான் வாசிக்கிறது. என்ன சுவாரசியம் தெரியுமா! அதில திரும்பத் திரும்ப வாற கதை: பரலுக்குப் பக்கத்தில நிண்டா மட்டும் போதாது. அது உன்ரதான் எண்டு அரசாங்கம்தான் காட்டோணும். எத்தினை பேர் இப்பிடித் தப்பினவை!

அண்டைக்கு நடந்ததை ஒண்டும் விடாம எழுதுங்கோ. பரல் ஆற்ற? நீங்கள் ஏன் அங்க நிண்டனீங்கள்? நான் கட்டாயம் ஒண்டு கண்டுபிடிப்பன்.

உடம்பைப் பாருங்கோ. பதிலைப் பாத்துக்கொண்டே இருப்பன்.
தக்ஷினி


மட்டக்களப்பு
24 ஒக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகமா இரிக்கன். சித்தி, சித்தப்பா, நீ எல்லாரும் சுகமா இரிக்க ஆண்டவன் துணை. உண்ட கடிதத்தை நாலு பேர் வாசிச்சாச்சு. இங்க வாற கடிதம், போற கடிதம் எல்லாம் ஐயாமார் வாசிச்சுத்தான் விடுவாங்க. அவங்களுக்கும் உண்ட அமெரிக்கக் கதை பிடிச்சிரிக்கு. மிச்சத்தையும் எழுதச் சொல்லு எண்டு ஒராள் சொன்னார்.

இங்க மழை துவங்கிற்று. சாப்பாடு பறவாயில்ல. முறிஞ்ச கால் குளிர் நேரத்தில மட்டும் கொஞ்சம் நோகும். மகள் மூண்டு வயசு, என்னைப் பாக்க வரேக்க கம்பிக்குள்ளால கையை விட்டு மூக்கைப் பிடிச்சு இழுக்காள். கஜந்தி மெலிஞ்சு போயிற்றாள், அவளைச் சாப்பிடச் சொல்லு கா.

அப்பீல் எல்லாம் கஜந்தி போட்டது. நான் கேக்கல்ல. ஒரு வருசம் ஓடிப் போயிரும். நீ உண்ட வேலையைப் பாரு. அங்க பனி கொட்டிற்றா? பனி விழுந்தா சத்தம் கேக்குமா கேக்காதா எண்டு இங்க ரெண்டு பேருக்குச் சண்டை. அதை எழுது.

வேற விசேஷம் இல்ல.
லக்ஷன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
10 நவம்பர் 2024

அன்பான அண்ணா,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். நீங்களும் சுகம் எண்டு எழுதியிருக்கிறீங்கள், நம்புறன்.

ஆனா இது என்ன கடிதம்? மழையாம், மூக்காம், பனிச் சத்தமாம்! கேட்ட ஒண்டுக்கும் பதில் இல்ல. கடைசியில ‘வேற விசேஷம் இல்ல’. ஜெயிலுக்குள்ள இருக்கிற ஆளுக்கு விசேஷம் இல்லையோ? எனக்கு வாற கோபத்துக்கு!

பறவாயில்ல. நானே கண்டுபிடிச்சிட்டன்!!! பஸ்ஸில கத்திப்போட்டன், பக்கத்தில இருந்த மதாம் ‘சா வா?’, சுகமோ எண்டு கையைப் பிடிச்சவ. கேளுங்கோ. ஒரு பழைய வழக்கு. வீட்டுக்குப் பின்னால ஓடைக்கரையில விஸ்கிப் பரல். வீட்டுக்காரன் எண்டு ஒருத்தனைப் பிடிச்சு உள்ளுக்க போட்டாச்சு. அப்பீலில அவன்ர லோயர் எழும்பிக் கேக்கிறார்: அந்தக் காணி இவன்ர எண்டு ஆர் சொன்னது? பாத்தா, காணி அவன்ர இல்லை! சும்மா அங்க இருக்கிற ஆள். தண்டனை அடிபட்டுப் போச்சு.

உடன கஜந்தி மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில கேட்டன், அந்த வீடு வளவு ஆற்ற பேரில எண்டு.  ‘எண்ட பேரில. அவருக்கு அதில ஒண்டும் இல்ல’ எண்டு போட்டவ. அண்ணா! உங்கட இல்லை! உங்கட இல்லாத வளவில இருந்த பரல் எப்பிடி உங்கட ஆகும்?

இதை உங்கட அப்பீல் பாக்கிற உருத்திரமூர்த்தி லோயருக்கு அனுப்பப் போறன். அமெரிக்கத் தீர்ப்பு அங்க செல்லாது, அது எனக்கும் தெரியும், ஆனா யோசனை செல்லும்தானே? நீங்கள் ஓம் எண்டு ஒரு வரி எழுதுங்கோ, அனுப்புறன்.

பனிக்குச் சத்தம் இல்ல. ஆனா விழேக்க மற்றச் சத்தம் எல்லாம் குறையும். ரெண்டு பேருக்கும் வெற்றி எண்டு சொல்லுங்கோ.

கவனம் அண்ணா.
தக்ஷினி


மட்டக்களப்பு
26 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். நீயும் சுகமா இரி.

இந்தக் கடிதம் கண்டதும் அந்த வளவுக் கதையை விட்டிரு. லோயருக்கும் அனுப்பாத. ஒருத்தருக்கும் சொல்லாத. சானலிலயும் போடாத.

இதை எப்பிடி உனக்குச் சொல்லுறது எண்டு தெரியல்ல, நாலு பேர் வாசிக்கிற கடிதம். சித்திக்கிட்டக் கேளு. நம்மட ஊரில கலியாணம் முடிச்ச ஆம்பிளை ஆற்ற வீட்டில இரிக்கிறது எண்டு கேளு. கேட்டிற்று, இருந்து ஆறுதலா யோசி.

எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல கா. நித்திரை நல்லா வருது.

வேற விசேஷம் இல்ல.
லக்ஷன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
8 டிசம்பர் 2024

அன்பான அண்ணா,

சுகமா? எங்களுக்குச் சுகம், அப்பாவுக்கு மட்டும் தும்மலும் தடிமனும். இங்க தபால்காரர் எல்லாரும் ஸ்ரைக். ஒரு மாசமாகப் போகுது, ஒரு கடிதமும் வரேல்ல, போகேல்ல. ஒவ்வொரு நாளும் வேலையால வந்து பெட்டியைத் திறந்து பாப்பன், பீட்ஸாக் கடை நோட்டீஸ்கூட இல்ல. இதை டினோஜனிட்டக் குடுத்து விடுறன், கோயிலில எங்களோட பஜனை பாடுற பெடியன், ஊருக்குப் போறான்.

என்னால காத்துக்கொண்டு இருக்கேலாமப் போச்சு. உங்கட பதில் வரும் வரும் எண்டு நிண்டன், அங்க வழக்குக்கு ஜனவரி 22 எண்டு நாள் குறிச்சாச்சு. அதோட மச்சாளே கேட்டவ, ‘லோயருக்கு அனுப்பினீங்களா?’ எண்டு. ஒருக்கா இல்ல, மூண்டு தரம். அதால அனுப்பிட்டன்!

லோயர் எனக்கு நேர கோல் எடுத்தார் அண்ணா! ‘தங்கச்சி, எங்க படிக்கிறீங்கள்?’ எண்டார். படிக்கேல்ல சேர், கார்தெறியில பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறன் எண்டன். சிரிச்சுப்போட்டு, ‘இந்தக் காணிப் பொயின்ற் கீழ்க் கோட்டில ஒருத்தரும் எடுக்கேல்ல, இதைத்தான் முன்னுக்கு வைக்கப் போறன்’ எண்டார். எழுதிக் குடுத்தாச்சாம்.

எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. சப்பாத்தோட வீட்டுக்குள்ள சுத்துறன், அம்மா ஏசுறா. ஜனவரி முடிய நீங்கள் மகளோட வீட்டில! வந்து எனக்கு வீடியோ கோல் எடுக்கோணும், முதல் கோல் எனக்கு.

உங்கள் அப்பீல் தங்கச்சி,
தக்ஷினி


மட்டக்களப்பு
16 டிசம்பர் 2024

தங்கச்சி,

சுகம்தானே. டினோஜன் தந்த கடிதம் கிடைச்சிது.

கஜந்தி ரெண்டு கிழமையாப் பாக்க வரல்ல. அவள்ட அம்மா, மாமிதான் வந்தவ. மதுவரி ஆக்கள் வீட்டுக்குப் போயிரிக்காங்க. காணி ஆற்ற எண்டு கேட்டாங்களாம். கஜந்திட ஃபோனையும் கொண்டு போயிற்றாங்களாம்.

நான் லோயருக்குச் சொல்லி விட்டன், அந்தக் கதையை எடுக்க வேணாம் எண்டு. எழுதிக் குடுத்தது குடுத்ததுதான் எண்டு பதில் வந்தது. நீ சொன்னாக் கேப்பார். சொல்லு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கன்.

லக்ஷன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
6 ஜனவரி 2025

அன்பான அண்ணா,

சுகம் கேட்டு எழுத வெக்கமா இருக்கு. ஆனாலும் கேக்கிறன், சுகமா?

ஸ்ரைக் முடிஞ்சு தேங்கிக் கிடந்தது எல்லாம் இப்பத்தான் வருது. இண்டைக்கு உங்கட ரெண்டு கடிதமும் ஒரே நாளில பெட்டிக்குள்ள கிடந்தது. டிசம்பர் கடிதத்தை முதல் உடைச்சிட்டன், ஒண்டும் விளங்கேல்ல. பிறகு நவம்பர் கடிதம். அதைக் கொண்டு போய் அம்மாட்டக் கேட்டன்.

அம்மா ரொட்டிக்கு மா குழைச்சுக்கொண்டு நிண்டவ. ‘எங்கட பக்கம் வீடு வளவு எல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே எழுதுறது. கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பெட்டியோட அங்க வந்து இருப்பார்’ எண்டா. இது ஒரு பெரிய விஷயம் எண்ட மாதிரியே சொல்லேல்ல. ‘ஏன், இந்த வீடும் என்ர பேரிலதான். இங்க வந்தும் அப்பிடித்தான் வாங்கினது. உனக்குத் தெரியாதா?’

எனக்குத் தெரியாது அண்ணா. அப்பா ஏச்சு வாங்கேக்க எல்லாம், ‘நான் என்னத்தைச் சொல்ல, இது கொம்மாட வீடு, நான் இங்க சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கிறவன்’ எண்டு சொல்லுவார். சின்னனில இருந்து அதைப் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சனான்.

பரல் உங்கட இல்லை எண்டா பிறகு ஆற்ற ஆகும் எண்டு நான் யோசிக்கவே இல்ல. அந்தப் பழைய தீர்ப்புகளில ஆள் தப்பினவுடன கதை முடிஞ்சிடும். பிறகு அந்தக் காணிக்காரர் வீட்டுக் கதவை ஆர் தட்டினது எண்டு அதில எழுதுறேல்ல. நானும் தேடேல்ல.

லோயருக்கு எடுத்துக் கெஞ்சினன். ‘தங்கச்சி, ஒரு ஆளை வெளிய எடுக்க வழி இருக்கேக்க நான் அதை எப்பிடி விடுறது? அதோட என்னை வைச்சது அந்தப் பிள்ளை கஜந்தி, அவ விடச் சொல்லேல்ல’ எண்டார். திரும்ப எடுத்தன். பிறகு அவர் ஃபோன் தூக்கேல்ல. மச்சாள்ட ஃபோன் அடிக்கிறதே இல்ல.

இதுக்கு மேல எழுதேலாது, வாசிக்கிற ஆக்கள் இருக்கினம். கிழிச்சுக் கிழிச்சு இதோட எத்தினையாவதோ தெரியாது. 22க்கு முந்தி இது உங்களிட்ட வருமோ எண்டும் தெரியாது.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா.
தக்ஷினி


மட்டக்களப்பு
24 ஜனவரி 2025

அன்பு மச்சாள் தக்ஷினிக்கு,

நானும் மகளும் அம்மாவும் சுகம். மாமா, மாமி, நீங்க எல்லாரும் சுகமா இருங்க. இது ஜெயில் கடிதம் இல்ல, நான் வீட்டில இருந்து எழுதுறன், ஒருத்தரும் திறந்து வாசிக்க மாட்டாங்க. ஃபோன் இன்னும் திருப்பித் தரல்ல, அதாலதான் இது. வாசிச்சிற்றுக் கிழிச்சிருங்க.

அப்பீல் தள்ளுபடி. அதை முதல்ல சொல்லிற்றன்.

நீங்க அழுதுகொண்டு இரிப்பீங்க எண்டு தெரியும். வேணாம். நீங்க வளவு ஆற்ற பேரில எண்டு கேட்ட அந்த நிமிசமே எனக்கு விளங்கிற்று, அது எங்க போய் நிக்கும் எண்டு. விளங்கித்தான் பதில் போட்டன். விளங்கித்தான் லோயருக்கு அனுப்பச் சொல்லி உங்களை அரிச்சன்.

மச்சாள், காய்ச்சினது நான். அவர் கட்டட வேலையில விழுந்து கால் முறிஞ்சு கிடந்த காலத்தில துவங்கினது. அவர் எழும்பி நடந்தாப் பிறகு விட்டிரிக்கலாம், விடல்ல. அவர் ஒவ்வொரு நாளும் ஏசினவர். முதல் தரம் பிடிச்ச நேரமும் அவர்தான் தன்னுடையது எண்டவர். அண்டைக்கு வாகனச் சத்தம் கேட்டதும் மகளைத் தூக்கி எண்ட கையில தந்து, என்னைக் குசினிக்குள்ள தள்ளிப் பூட்டிற்று, அந்த நொண்டிக் காலோட ஓடிப் போய்ப் பரலுக்குப் பக்கத்தில நிண்டார். ‘பிள்ளைக்கு நீ வேணும், வாயைத் திறந்தாய் எண்டா நான் உசிரோட இருக்க மாட்டன்’ எண்டு சொல்லிற்றுத்தான் போனவர்.

நான் ஏழு மாசம் வாயைத் திறக்கல்ல. ஏலாமப் போயிற்று மச்சாள். ஒவ்வொரு தரமும் கம்பிக்கு அங்கால நிண்டு நீ சாப்பிட்டியா எண்டு கேக்கிற மனிசனைப் பாத்திற்று வந்து எனக்குச் சோறு இறங்கல்ல. அம்மா மகளைப் பாப்பா. நான் உள்ள போறன், அவர் வெளிய வரட்டும் எண்டு முடிவு எடுத்தனான். அந்த நேரம்தான் நீங்க கேட்டீங்க.

கோட்டில லோயர் நல்லாப் பேசினார். ஜட்ஜ் ஐயா எல்லாம் கேட்டிற்று, ‘அப்ப அந்த வளவு ஆருடையது?’ எண்டார். லோயர் கடதாசியைப் புரட்டினார். நான் பின்னால வாங்குப் பலகையில இருந்தனான். மகளை அம்மாட மடியில வைச்சிற்று எழும்பினன். வாயைத் திறக்கப் போறன், அவர் குற்றவாளிக் கூட்டுக்குள்ள நிண்டு கத்தினார்: ‘ஐயா, வளவு அவள்ட, பரல் எண்ட! நான்தான் காய்ச்சினது! ரெண்டு தரமும் நான்தான்!’ கோடே அவரைத் திரும்பிப் பாத்தது. அவர் மட்டும் எண்ட பக்கம் திரும்பல்ல. ஐயாவையே பாத்துக் கத்திக்கொண்டு நிண்டார். அம்மா எண்ட சட்டையைப் பிடிச்சு இழுத்து இருத்திற்றா.

அவ்வளவுதான். மிச்ச மாசத்தை இருந்து முடிக்கட்டாம்.

நான் எழும்பினது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா இரவில படுக்க மாட்டார், நான் திரும்ப எழும்பிருவன் எண்டு. நீங்க சொல்லிராதீங்க. சட்டமும் இனி எழுதாதீங்க. பனியை எழுதுங்க. உங்கட பனிக் கடிதத்தை அங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவராம்.

பரலை உடைச்சாச்சு. நான் இப்ப தையலுக்குப் போறன்.

அன்பு மச்சாள்,
கஜந்தி


மட்டக்களப்பு
2 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். நீங்க எல்லாரும் சுகமா? உண்ட ஜனவரிக் கடிதம் வழக்கு முடிஞ்சாப் பிறகுதான் வந்தது. மன்னிப்பு என்னத்துக்கு கா? நீ அண்ணனுக்காக ஓடித் திரிஞ்சாய். ஐயாமார் சொல்லுறாங்க, நீ இங்க லோயரா வந்தா அவங்களுக்கு வேலை இல்லாமப் போயிருமாம்.

அப்பீல் தள்ளுபடி, தெரிஞ்சிரிக்கும். எனக்கு இப்பத்தான் நிம்மதி. மதுவரியும் இனி வீட்டுக்குப் போகாது, எல்லாம் எண்ட வாயால சொல்லி முடிஞ்சிற்று.

கஜந்தியும் கோட்டுக்கு வந்தவள். பயந்துகொண்டுதான் இருந்தன், ஏதும் பேசிருவாளோ எண்டு. இல்ல. சொன்ன சொல்லுக் கேட்டுப் பேசாம இருந்தாள். நல்ல பிள்ளை. அதை நினைச்சு நினைச்சுத்தான் இப்ப நித்திரை கொள்ளுறன்.

மறுகா, பனி எவ்வளவு கொட்டிற்று? முழங்கால் மட்டும் வருமா? இங்க ஒருத்தர் நம்புறார் இல்ல.

வேற விசேஷம் இல்ல.
லக்ஷன்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
23 பெப்ரவரி 2025

அன்பான லக்ஷன் அண்ணா,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்களுக்கு நித்திரை வருது எண்டு வாசிச்சு அம்மா கோயிலில தேங்காய் உடைச்சவ.

முழங்காலோ! அவருக்குச் சொல்லுங்கோ, இங்க போன கிழமை கொட்டினது இடுப்பு மட்டும். அடுத்தடுத்து ரெண்டு புயல். வாசல் கதவு திறக்கேலாது, அப்பா கராஜுக்குள்ளால வெளிக்கிட்டு ரெண்டு நாள் வெட்டினார். வெட்டி முடிய ரோட்டுத் துப்புரவாக்கிற லொறி வந்து முழுதையும் திரும்ப எங்கட வாசலில தள்ளிப்போட்டுப் போச்சு. அப்பா பனி வெட்டுற சவளைப் போட்டிட்டு, ‘இது கொம்மாட வீடு, அவ வந்து வெட்டட்டும்’ எண்டார். அம்மா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்து தானே வெட்டத் துவங்கிட்டா. அப்பா ஓடிப் போய்ச் சவளைப் பறிக்கிறார், அவ விடுறா இல்ல. ரெண்டு பேரும் ஒரு சவளுக்கு இழுபடுகினம். நான் யன்னலுக்குள்ளால கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன்.

கார்தெறியில பிள்ளையளோட பனியில ஒரு மனிசன் செய்தனாங்கள். கரட் இல்ல, மூக்குக்கு மிளகாய் வைச்சன். உங்கட மகள் இருந்திருந்தா பிடிச்சு இழுத்திருப்பா.

பஸ்ஸில இப்ப ஒண்டும் வாசிக்கிறேல்ல. வெளியால பாத்துக்கொண்டு போறன். சானலைக் கொஞ்ச நாள் மூடி வைச்சிருக்கிறன்.

மச்சாளிட்ட இருந்து ஒரு கடிதம் வந்தது. தையலுக்குப் போறாவாம். சாப்பிடுறாவாம். உங்களைச் சுகம் கேட்டு எழுதினவ.

வேற விசேஷம் இல்ல அண்ணா.
தக்ஷினி